அஞ்சாம் நம்பர் லைன்

போன வருடம் முதலாமாண்டு வகுப்பில் பிறமொழிச் சொற்கள் பற்றிய பாடம். ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லை, வீட்டில் புழங்குகிறபடியே ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லச் சொன்னேன். பஸ், சோப்பு, டென்ஷன் என்று போய்க்கொண்டிருந்தது. குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்திருந்த மாணவி எழுந்து, "எங்க லைன்ல மொத்தம் எட்டு வீடு மேடம்" என்றாள். பின்பெஞ்சில் ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். "எட்டுப் பேரா லைன்ல?" என்பதாக இருக்க வேண்டும். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டாள். நான் மேசையைத் தட்டி அமைதிப்படுத்தி அடுத்த மாணவியைக் கைகாட்டினேன்.

நானும் லைனில் பிறந்தவள்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், மூன்று கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. ஆனாலும் அந்தச் சொல் வகுப்பில் விழுந்தபோது, 1997இல் கல்லூரி விண்ணப்பத்தில் முகவரி எழுதிய பெண்ணாகவே ஆகிவிட்டேன். "5ஆம் நம்பர் லைன்" என்று எழுதவேண்டிய இடத்தில் அன்று "5, மெயின் ரோடு" என்று எழுதினேன். எங்கள் எஸ்டேட்டில் மெயின் ரோடு என்று ஒன்று கிடையாது. அந்த முகவரிக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார், அது வேறு கதை.

ஒரு மாணவியை உட்காரவைக்கவும் ஒரு பேராசிரியையை வாயடைக்கவும் இந்த ஓரசைச் சொல்லுக்கு எங்கிருந்து பலம் வந்தது?

தமிழில் இது தங்காத இடமில்லை. கரண்ட் போனால் லைன் போயிடுச்சு. போனில் "லைன்ல இருங்க". ரேஷன் கடையில் "லைன்ல வாங்க". மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ஏறிவந்த மலை ரயிலின் தண்டவாளமும் லைன்தான். கட்சிக்கு ஒரு லைன் உண்டு, மீறினால் நடவடிக்கை. "அது நம்ம லைன் இல்லப்பா" என்றால் தொழில். இவையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே இறங்கியவை. ஒரே ஒரு பொருளை மட்டும் நாமே செய்துகொண்டோம். அதுதான் லைன் அடிப்பது.

அதன் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவன் லைன் "அடிக்கிறான்". அவள் லைன் "கொடுக்கிறாள்". அடிப்பதற்குச் செயப்படுபொருள் வேண்டும், அது அவள். கொடுப்பதற்கு வாங்குகிறவன் வேண்டும், அவன் எப்போதும் தயாராக நிற்கிறான். அவள் ஒன்றுமே செய்யாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் இரண்டாவது வாக்கியத்தை அவள்மேல் ஏற்றிவிடலாம்: "அவ லைன் குடுத்தா, அதான் போனேன்." பெண்ணை வினைமுதலாக்குவதில் நம் பேச்சுமொழிக்கு இத்தனை தாராளம் வேறெங்கும் இல்லை. பழி சுமத்தும் இடத்தில் மட்டும் எழுவாய் நாம்தான். என் மாணவி வீடுகளை எண்ணிச் சொன்னாள், அவர்கள் ஆண்களை எண்ணினார்கள். வீடு என்ற பொருளில் அவள் போட்ட சொல்லை நடத்தை என்ற பொருளில் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம்.

வெள்ளைக்காரனின் ராணுவத்தில் சிப்பாய்களின் குடிசைகளை வரிசையாகக் கட்டி லைன்ஸ் என்றார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டன் கண்டோன்மென்ட் மலையில் வளர்ந்த அதே காலத்தில்தான் சுற்றிலும் காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். படைக்கு ஒரு வரிசை, கூலிக்கு ஒரு வரிசை. காலையில் எண்ண வேண்டும், ராத்திரியில் காவல் காக்க வேண்டும். அதற்கு வரிசைதான் வசதி. இன்றைக்கும் ஊர்களில் போலீஸ் லைன் இருக்கிறது, அங்கே குடியிருப்பதை யாரும் மறைப்பதில்லை. திருப்பூரில் லைன் வீடு என்றால் வாடகை அறைகளின் வரிசை, பொதுக் கழிப்பறையோடு. அதைக் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்வார்கள். எஸ்டேட் லைன் என்றால் இன்னும் தாழ்த்த வேண்டும்.

என் அம்மா லைன் என்று சொல்லமாட்டார், லயம் என்பார். 1973இல் தாத்தா பாட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் இலங்கையின் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கியது, பிறகு அது டேன்டீ ஆனது. அம்மாவின் குடும்பம் அதில் சேரவில்லை. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தனியார் தோட்டம். பெயர் வேண்டாம்.

மலையகத்தின் லயமும் ஆங்கில லைன்தான், லயன் என்றும் சொல்வார்கள். கேரளத்துத் தோட்டங்களிலும் லயம்தான். வயநாட்டிலும் அதையொட்டிய கூடலூர்ப் பகுதியிலும் மட்டும் பாடி. யாப்பு நடத்துகிறவள் என்பதால் எனக்கு ஒன்று தோன்றும்: லைன் நேரசை, லயம் நிரையசை. கடல் தாண்டிப் போன நம் பாட்டிமார்களின் வாயில் அந்த நேர் நிரையாகிவிட்டது. இசைக்காரர்களுக்கு லயம் என்றால் தாளத்தோடு ஒன்றுவது. எழுத்தைச் சற்று நீட்டினால் லாயம், குதிரை கட்டும் இடம். எங்கள் வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. இவையும் அம்மாவோடு கடல் தாண்டி வந்த சொற்கள்தான், முதலாவது போர்த்துக்கீசியம், இரண்டாவது டச்சுக்காரர்கள் இலங்கையில் விட்டுப்போனது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்திருக்கும். புகை போகும், பேச்சு போகும், இருமல் போகும். புதிதாகக் கல்யாணமான பெண் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எப்படிப் படுத்திருப்பாள் என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை. அம்மா சத்தமில்லாமல் அழத் தெரிந்தவர். அது குணமென்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அந்தச் சுவர்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதே சுவர் வேறொன்றையும் செய்தது. மூன்றாவது வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பார். அடி விழும் சத்தம் கேட்டதும் அடுத்த வீட்டுக்கார அக்கா விறகுக்கட்டையால் சுவரில் தட்டுவார். அதைக் கேட்டு அம்மா தட்டுவார். அப்புறம் அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் லைன் முழுக்க டொக் டொக்கென்று ஓடும். யாரும் வெளியே வரமாட்டார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அடி நிற்கும். எல்லா நாளும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்வீட்டுக்குக் குடிபோன பிறகு, நாலு பக்கமும் முழுச்சுவர் இருக்கும் வீட்டில் அடிவாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத் தட்ட ஆளில்லை.

நம் இலக்கியத்தில் இந்தத் தட்டல் கேட்கவில்லை என்பது என் வருத்தம். புதுமைப்பித்தன் 1930களிலேயே "துன்பக்கேணி" எழுதினார். தோட்டத்துக்குப் போன மருதியின் கதையை அந்தக் காலத்தில் எழுதத் துணிந்ததற்காக அவரை எப்போதும் மதிப்பேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கினார். அதைத் தழுவி 2013இல் "பரதேசி" வந்தது. லயத்துக்குள் இவர்கள் நுழையும்போதெல்லாம் அங்கே பெண் ஒரு காயமாகத்தான் இருக்கிறாள். துரை தொட்ட உடல், நோய் தொட்ட உடல். உண்மைதான், இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே அவள் யாரோடு சண்டை போட்டாள், யாருக்குக் குழம்பு கொடுத்தாள், எதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்? "பரதேசி"க்கு அம்மாவை அழைத்துப் போனேன். வெளியே வந்து முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நாங்க சிரிச்சதையும் யாராச்சும் படம் புடிப்பாங்களா புள்ள?"

ராஜம் கிருஷ்ணன் இந்த மலையில் வாழ்ந்தவர். "குறிஞ்சித் தேன்" படுகர் வாழ்வில் தேயிலையும் பணமும் நுழைந்ததைச் சொல்கிறது. கூலி வரிசைகள் அந்த நாவலின் விஷயமல்ல, அதற்காக அவரைக் குறை சொல்லமுடியாது. சி.வி. வேலுப்பிள்ளை உள்ளிருந்து எழுதியவர். ஆனால் அவர் நாவலின் தலைப்பைப் பாருங்கள், "வீடற்றவன்". அந்த "அன்" விகுதியில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். வீடற்றவள் என்று ஒருத்தியைச் சொல்வதற்கு முன்னால், வீடுள்ளவள் என்று எவளையாவது நம் மொழி சொல்லியிருக்கிறதா? இல்லத்தரசி என்கிறோம். அந்த அரசியின் பெயரில் பட்டா இருப்பது அபூர்வம். இந்த வரிசையில் ஒரு பெண் பெயரும் உண்டு. கோ. நடேசய்யரின் மனைவி, துணைவியாக மட்டுமே பெரும்பாலும் நினைக்கப்படும் மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளர் மேடைகளில் பாடியவர், இலங்கையில் இந்தியர்களின் நிலைமை குறித்த பாட்டுகளை 1940இல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். தமிழ் முனைவர் பட்டம் வாங்கும் வரை இந்தப் பெயரை எனக்கு ஒரு ஆசிரியரும் சொல்லவில்லை.

கோடு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் கவிஞர் எதை எழுதினாலும் "லைன் தாண்டிட்டாங்க" என்று விமர்சிக்க நம்மிடம் ஆள் உண்டு. என் இரண்டாவது தொகுப்புக்கு ஒரு மூத்தவர் அப்படித்தான் எழுதினார். அப்படிச் சொல்கிறவர்கள் மனதில் இருப்பது லட்சுமணன் கிழித்த கோடு. அந்தக் கோடு வான்மீகத்தில் இல்லை, கம்பனிலும் இல்லை. நூலில் இல்லாத கோட்டை வைத்து நூல் எழுதுகிறவளை அளக்கிறார்கள். கம்பனின் ராவணன் சீதையைத் தொடாமல், குடிசையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிப் போகிறான். படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கப்பல் ஞாபகம் வரும். எங்கள் பெண்களையும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் தூக்கிப் போனார்கள். அவர்களோடு நிலம் மட்டும் போகவுமில்லை, வரவுமில்லை.

அம்மாவிடம் வரிசைக்கு இன்னொரு சொல் இருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்த பிறகு மலையில் ஆளுக்கு இத்தனை செடி வரிசை என்று பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வரிசைக்கு நிரை என்று பெயர். அம்மா வாயில் நெரை. இங்கே வந்து மேஸ்திரி "லைன் புடி" என்றாலும் அம்மா நெரைதான் பிடித்தார். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. செடிமேல் மட்டக்கம்பை வைத்து அதற்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் எடுக்க வேண்டும். நல்ல நிரை கிடைத்தால் கொழுந்து நிறையும், மேட்டில் கெட்ட நிரை விழுந்தால் அன்றைக்குக் கூலியில் கை வைப்பார்கள். மேஸ்திரிக்குச் சிரித்துக் கொடுத்தவளுக்கு நல்ல நிரை என்ற பேச்சும் உண்டு. பாருங்கள், இங்கேயும் "கொடுத்தல்" வந்துவிடுகிறது. ஆனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பிள்ளைத்தாச்சிக்கு மேட்டு நிரை விழுந்தால் பக்கத்து நிரைக்காரி மாற்றிக்கொள்வாள். அம்மா வயிற்றில் நான் இருந்தபோது அப்படி மாற்றிக்கொண்டவரை இன்றைக்கும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். ரத்த உறவில்லை.

கல்லூரியில் முதல் வருடம் யாப்பு வகுப்பு. ஆசிரியர் பலகையில் நேர், நிரை என்று எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் கெட்ட வார்த்தை ஒன்றைப் பலகையில் பார்த்த மாதிரி இருந்தது. கூலிக்காரப் பேச்சு என்று நான் ஒளித்துவைத்திருந்த சொல் தொல்காப்பியத்தில் உட்கார்ந்திருக்கிறது. நெடில் தானே நின்று நேரசையாகும். முதலில் வரும் குறில் அப்படியல்ல, பின்னால் வரும் குறிலையோ நெடிலையோ சேர்த்துக்கொண்டு நிரையாகும். நிரை என்ற சொல்லே ஒரு நிரையசை. ஆசிரியர் "புளிமா, கருவிளம்" என்று போய்க்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அன்றிரவு விடுதியிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெரியம்மாவின் மகன் படித்துக் காட்டியிருக்கிறான். பதில் வந்தது: "நெரைய பத்தி பொஸ்தகத்துல போட்டிருந்தா, கூலிய பத்தியும் போட்டிருக்கான்னு பாரு."

ஆங்கில லைன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் சணல்நார் இழை. லினன் துணியும் அதே வேர்தான். அதற்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடினால் கோடு, வரி, வரிசை என்று போகலாம். வரி என்றால் கவிதை வரியும், அரசு பிடுங்கும் வரியும். வரிசை என்றால் பெண்ணைப் பெற்றவர் தரும் சீர்வரிசையும். ஆனால் எனக்கு நெருக்கமாகத் தெரிவது நூல். இழையும் நூல், புத்தகமும் நூல். கொத்தனார் தொங்கவிடுவதும் நூல். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி ஒரு உவமை சொல்கிறார்: சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர், புலவன் நூற்கிற பெண். உவமைக்குப் பெண் தேவைப்பட்டாள். புலவன் என்ற இடம் ஆணுக்கே இருந்தது. நூற்றவள் யாரென்று எழுதிவைக்கும் பழக்கம் நமக்கு இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை என்று எழுந்தார்களே, அவர்கள் என் அம்மாவின் வயதும் என் வயதும் ஆனவர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். இருபது சதவீதம் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை, தங்களுக்காகவே பேசுவதாகச் சொன்ன ஆண்களை, கிட்டே விடவில்லை. ஒன்பது நாள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நெரை புடிச்சு உக்காந்திருக்காளுக பாரு" என்றார். போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து இருபதை வாங்கினார்கள். அதன் பிறகு அந்த அமைப்பு உடைந்தது, ஆளுக்கொரு கட்சிக்குப் போனார்கள் என்று இப்போது கேலியாகச் சொல்கிறவர்கள், உடையாத ஒரு ஆண் சங்கத்தின் பெயரைச் சொல்லட்டும், பார்ப்போம். 2020 ஆகஸ்ட் 6 இரவு அதே மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். செய்தியில் முதலில் லயங்களைத்தான் எண்ணினார்கள், பிறகுதான் ஆட்களை.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை முடிந்தால் வீடு முடிந்தது. காலி செய்தால்தான் கிராஜுவிட்டி. நாற்பது வருடம் அந்தச் சுவருக்கு அவர் பூசிய சாணியும் சுண்ணாம்பும் எந்தக் கணக்கிலும் இல்லை. நான் அப்போது சமவெளியில் கடன் போட்டு வீடு வாங்கியிருந்தேன். பெருமையாகத்தான் அழைத்து வந்தேன். தனி அறை, கூரை வரை சுவர். முதல் வாரம் அம்மா தூங்கவில்லை. "பக்கத்துல யாரு இருக்கான்னே தெரியலையே" என்றார். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

ஆதாரில் அம்மாவின் முகவரியை மாற்றப் போனோம். கணினியில் இருந்த பெண் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, அஞ்சாம் நம்பர் லைன்? கரண்ட் லைனா?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "ஊருங்க. எங்க ஊரு."

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அந்தக் குன்னூர் மாணவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் பிறந்த லைனைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றாள். சொல்லியிருக்கலாம். அவள் அம்மா இப்போது கையால் எடுப்பதில்லையாம், கத்திரி வந்துவிட்டது. நெரை என்ற சொல் தெரியுமா என்று கேட்டேன். "பாட்டி சொல்லும்" என்றாள். பாட்டி எங்கே என்றேன். லைனை விட்டுப் போகச்சொல்லி இரண்டு முறை ஆள் வந்தாகிவிட்டதாம், இன்னும் அங்கேதான் இருக்கிறாராம்.